மெய் மட்டும்

நோட்டைப் பின்பக்கமிருந்து திறக்கிறேன்.
முன்பக்கத்தில் நோயாளிகள்:
படுக்கை எண், முட்டி மடங்கும் கோணம்.
பின்பக்கத்தில் அலிஃப், பா, தா.
பொம்மசந்திராவிலிருந்து சில்க் போர்டு வரை
பஸ் நகராமல் நிற்கும் இடத்திலெல்லாம்
ஓர் எழுத்து.
பக்கத்து ஸீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
ஷார்ட்ஹேண்டா மேடம் என்றார்.

ஐன் மட்டும் வரவில்லை.
தொண்டைக்குள் ஒரு கதவைப் பாதி சாத்த வேண்டுமாம்.
நான் சாத்தினால் இருமல் வருகிறது.
மூன்றாம் வகுப்போடு விட்டுவந்த ஆய்தம்,
இப்போது ஃபேனுக்கும் ஃபோனுக்கும்
வாசல் காத்துக் கிடப்பது,
அதைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
ஹா எனக்குத் தூரத்துச் சொந்தம்,
ஐனைத் தெரியாது என்றுவிட்டது.

அஃப்ராஹ். வயது முப்பத்தொன்று, எனக்கும் அதே.
சுவர் விழுந்த வலது முழங்கால்.
ஊர் தஇஸ்.
ஊர்ப்பெயரின் நடுவிலும் அந்த ஐன்தான்.
தாயிஸ் என்கிறேன்.
பரவாயில்லை, ஊரே இப்போது
முழுசாக இல்லை என்பதுபோல்
தலையாட்டுகிறாள்.

முதல் நாள் "இர்ஃபஅ" என்றேன். தூக்கு.
கூட வந்திருந்த தம்பி கையைத் தூக்கினான்.
அது ஆணுக்கான ஏவல்.
பெண்ணுக்கு வால் நீள வேண்டும்: இர்ஃபஈ.
அவள் சிரித்த சிரிப்பில்
கால் தானாக ஐந்து டிகிரி மேலே போனது.

என்ன வேண்டும் என்று கேட்கப்
புத்தகம் கொடுத்தது "மாதா துரீதீன்".
செய்தி வாசிக்கிறவர்கள் அப்படிக் கேட்பார்களாம்.
எங்கள் பக்கம் "ஏஷ் திஷ்தி", அவ்வளவுதான்.
ஒரு வாரம் மனப்பாடம் செய்ததை
அடித்துவிட்டு எழுதினேன்.

என் பெயர் பூவிழி.
அவளிடம் ழ கிடையாது. பூவிலி என்கிறாள்.
பூ இல்லாதவள்.
யூனிஃபார்முக்குப் பூ வைக்கக் கூடாது,
ஆகவே சரிதான்.
முதல் எழுத்தும் பூரியின் பூ அல்ல,
பூமியின் பூவாகத்தான் அவள் வாயில் வரும்.
தமிழில் எழுதினால் அந்தப் பிழை தெரியாது.
எங்கள் ப இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

பதினொன்றாம் நாள் முட்டியைத்
தொண்ணூறுக்குக் கொண்டுபோனேன்.
"வஜஅ."
வலி. கடைசி எழுத்து ஐன்.
கதவெல்லாம் இல்லை அது.
கத்த வந்தவள் தம்பி பார்க்கிறான் என்று
பிடித்து நிறுத்திய இடம்.
என் உள்ளங்கை அவள் முட்டிமேல் இருந்தது,
கையால்தான் கேட்டேன்.
அன்றிரவு பிஜியில்
கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டபோது
எனக்கும் வந்தது, சுத்தமாக.
அறைத்தோழி லைட்டைப் போட்டாள்.

இன்னொன்று.
குறிலான உயிர்களை அவர்கள் எழுதுவதில்லை.
மெய்யை மட்டும் வரிசையாக நிறுத்திவிட்டுப்
போய்விடுகிறார்கள்.
உயிரை வாசிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும்.
எக்ஸ்ரேயும் அப்படித்தான்.

அவள் ஊருக்குப் போய் ஆறு வாரம்.
இன்று மாலை, கூட்லு கேட் தாண்டும்போது
ஃபோனில் ஒரே ஒரு சொல்.
மீம், ஷீன், யா, தா.
மஷய்த். கடைசி எழுத்துக்கு உயிர் இல்லை.
உ போட்டால், நடந்தேன்.
அ போட்டால், ஆணே, நடந்தாய்.
இ போட்டால், பெண்ணே, நடந்தாய்.
தெருப்பேச்சில் கிளம்பிவிட்டேன் என்றும் ஆகுமாம்.
எங்கிருந்து, எங்கே
என்று கேட்கத் தட்டினேன்,
ஏவலா வினாவா என்று குழம்பி அழித்தேன்.

ஸீட் இல்லை இன்று.
"முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்கிறார் கண்டக்டர்.
இ-யை எழுத்தின் காலடியில்தான் போட வேண்டும்,
சின்னதாய் ஒரு கோடு.
முன்னால் நிற்பவரின் பைக்கும் எனக்கும் நடுவே
ஓரடி இடம் இருக்கிறது.
போட்டுப் பார்க்கிறேன்.